14 புக்கா, 3 புக்கா, 30 புக்கா: அடுத்த சீரிஸ் எத ஆரம்பிக்கிறது?

ஃபேன்டஸி, த்ரில்லர் ரெண்டுலயும் சீரிஸ் சீரிஸா படிக்கிறவங்களுக்குன்னு ஒரு தனி தலைவலி இருக்கு. தனி நாவல்னா புடிக்கலன்னு மூடி வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம், சீரிஸ்ல அப்டி முடியாது, நாலாவது புக் வரைக்கும் வந்துட்டா விடவும் மனசு வராது, மிச்சம் பத்து இருக்கேன்னு தொடரவும் தெம்பு இருக்காது. அதனால "அடுத்து எது படிக்கலாம்"னு யாராவது கேட்டா எது பெஸ்ட்டுன்னு நான் சொல்றதில்ல. பெஸ்ட் லிஸ்ட் எங்க பாத்தாலும் கெடக்கு, எல்லாத்துலயும் அதே பேருங்கதான். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, எந்த எடத்துல போரடிச்சா உங்களால தாங்க முடியும்? ஏன்னா தொய்வு இல்லாத சீரிஸ்னு ஒண்ணு கெடையவே கெடையாது, சிலதுல ஆரம்பத்துலயே இருக்கும், சிலதுல நடுவுல நாலு புக் ஓடும், சிலதுல எல்லாம் நல்லா போயிட்டு கடைசில முடிவே இருக்காது. அது எங்க வருதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டு உள்ள போனா பாதில நிக்க மாட்டீங்க. கதையோட முடிச்சு எதையும் இங்க அவுக்கல, தைரியமா படிக்கலாம்.

முதல்ல பெருசையே எடுத்துக்குவோம், ராபர்ட் ஜோர்டனோட வீல் ஆஃப் டைம். முதல் புக் 1990ல வந்துச்சு, 14வது புக் 2013ல, அது போக தனியா ஒரு முன்கதை, ஆக மொத்தம் 15. வார்த்தைக் கணக்குல 40 லட்சத்துக்கு மேல. இத்தனைக்கும் ஆரம்பத்துல ஒப்பந்தம் போட்டது 6 புக்குக்குத்தான். ஒரு மலையோர கிராமத்துப் பசங்க, துரத்திட்டு வர்ற இருட்டு, வழிகாட்ட ஒரு மந்திரக்காரின்னு முதல் புக் பழகுன பாதையிலதான் போகும், அதப் பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னு நிறைய பேர் மூடிடுறாங்க. ரெண்டாவது புக்கையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன். ஏன்னா இந்த உலகத்துல ஒரு விதி இருக்கு, மந்திர சக்தில ஆண் பாதி பெண் பாதின்னு ரெண்டு உண்டு, அதுல ஆண் பாதி கறைபட்டுப் போச்சு, அதத் தொட்ட ஆம்பள எவனா இருந்தாலும் கடைசில பைத்தியம் புடிச்சிடும். இந்த ஒத்த விதிலேர்ந்து அந்த உலகத்தோட அரசியல் மொத்தமும் வருது. மந்திரம் பண்ற பெண்களோட சபை ஒண்ணுதான் அரசர்களையே ஆட்டி வைக்கும், மந்திரம் வர்ற ஆம்பளைங்கள வேட்டையாடிப் புடிச்சு சக்திய அறுத்து விடுவாங்க, ஆனா உலகத்தக் காப்பாத்தப் போறவன்னு தீர்க்கதரிசனம் சொல்றது ஒரு ஆம்பளைய. அவனுக்கும் பைத்தியம் புடிக்கப் போகுது, அது அவனுக்கும் தெரியும், கூட இருக்குறவங்களுக்கும் தெரியும். நாலு, அஞ்சு, ஆறு இந்த மூணு புக்கும் அந்தப் பதட்டத்துலயே பறக்கும், ஃபேன்டஸில நான் படிச்சதுலயே அவ்ளோ தெம்பான ஓட்டம் ரொம்ப கம்மி.

அப்புறம் வருது தொய்வு. 7ல லேசா தெரிய ஆரம்பிச்சு 8, 9, 10ன்னு நீளும், ரசிகர்களே அதுக்கு "ஸ்லாக்"னு பேரு வச்சுட்டாங்க. 9வது புக் கடைசில சீரிஸ்லயே பெரிய சம்பவங்கள்ல ஒண்ணு நடக்கும், ஆஹான்னு 10வதத் தொறந்தா, அந்த சம்பவம் நடந்தப்ப மத்தவங்கள்லாம் எங்க இருந்தாங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னுதான் புக்கோட பெரும்பகுதி ஓடும். அது 2003ல வந்தப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்து வாங்குனவங்களுக்கு வந்த கோவம் நியாயமான கோவம். ஆனா இப்ப படிக்கிறவங்களுக்கு அந்தப் பிரச்சன பாதிதான், 11வது புக் கைலயே இருக்கு, அதுல மறுபடி வேகம் புடிச்சிடும். இன்னொரு தொல்லை எழுத்து நடைல, ஒரு பாத்திரம் கோவம் வந்தா ஜடையப் புடிச்சு இழுக்கும், இன்னொருத்தர் பாவாடைய நீவிவிடுவாங்க, இதையே எத்தன தடவ படிப்பீங்க... எண்ண ஆரம்பிச்சீங்கன்னா தீந்துச்சு, எண்ணாதீங்க.

ஜோர்டன் 2007ல ரத்த சம்பந்தமான ஒரு அபூர்வ நோய்ல இறந்துட்டார், கடைசி புக்க முடிக்கல. ஆனா சாகப் போறோம்னு தெரிஞ்சு முடிவையும் நிறைய குறிப்பையும் எழுதி வச்சுட்டுப் போனார். அவரோட மனைவி ஹேரியட்தான் அவருக்கு எடிட்டரும், ஜோர்டனுக்கு பிராண்டன் சாண்டர்சன்னு ஒரு இளம் எழுத்தாளர் எழுதுன அஞ்சலியப் படிச்சுட்டு, அவரோட ஒரு நாவலையும் படிச்சுப் பாத்துட்டு, நீங்க முடிச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க. ஒரு புக்குன்னு நெனச்சது மூணாச்சு, 2009, 2010, 2013. நடை மாறுறது நல்லாவே தெரியும், குறிப்பா மேட்ங்கிற பாத்திரத்தோட நகைச்சுவை 12வதுல ஒட்டவே இல்ல, ஆனா கதை முடிஞ்சுது பாருங்க, அதான் முக்கியம். கடைசி புக்ல ஒரே ஒரு போர் சாப்டர் மட்டும் ஒரு தனி நாவல் அளவுக்குப் போகும். டிவி சீரிஸ் பாத்துட்டு இத எடை போடாதீங்க, அது 3 சீசனோட 2025ல நின்னு போச்சு, புக்குக்கும் அதுக்கும் தூரம் ஜாஸ்தி.

இதுக்கு நேரெதிர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். எழுத்துன்னு மட்டும் பாத்தா வீல் ஆஃப் டைம் பக்கத்துலயே நிக்க முடியாது, சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர் அவ்ளோ மேல. ஒவ்வொரு சாப்டரும் ஒருத்தர் கண்ணு வழியா, அந்த ஆளுக்குத் தெரிஞ்சது மட்டும்தான் நமக்கும் தெரியும், ஒருத்தன அயோக்கியன்னு ரெண்டு புக்கா திட்டிட்டு இருப்போம், மூணாவதுல அவன் கண்ணு வழியாவே ஒரு சாப்டர் வரும், அதோட நம்ம திட்டு தொண்டைலயே நின்னுடும். 2000ல வந்த மூணாவது புக் எல்லாம் எந்த வகை நாவல் படிக்கிறவங்களும் படிக்க வேண்டிய ஒண்ணு. பிரச்சன என்னன்னா முதல் புக் 1996, அஞ்சாவது புக் 2011, அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் ஆறாவது வரல, மொத்தம் 7ன்னு திட்டம். கேம் ஆஃப் த்ரோன்ஸ்ங்கிற பேர்ல டிவில 2019லயே முடிச்சுட்டாங்க, அந்த முடிவப் பாத்தவங்க பாதி பேருக்கு புக்க எடுக்குற ஆசையே போயிடுச்சு. நாலாவது புக்லயே தடுமாற்றம் தெரியும், கதை கைமீறிப் பெருத்துட்டதால ஆளுங்கள ஊரு வாரியா ரெண்டா பிரிச்சு பாதிப் பேர நாலாவதுலயும் மிச்சப் பேர அஞ்சாவதுலயும் வச்சார், விளைவு என்னன்னா நாலாவதுல ஜானும் டிரியனும் டெனேரிஸும் சொல்ற சாப்டர் ஒண்ணு கூட இருக்காது. அவங்களுக்காகத்தான் பாதி பேரு படிக்கிறதே!

வாங்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம். கடைல 7 புக் உள்ள பாக்ஸ் செட் பாப்பீங்க, "7 புக் திட்டம், 7 புக் இருக்கு, அப்போ முடிஞ்சுட்டு போல"ன்னு தோணும், அப்டி இல்ல, அந்த பதிப்புல மூணாவதையும் அஞ்சாவதையும் ரெண்டு ரெண்டு பாகமா வெட்டிப் போட்ருப்பாங்க. உள்ள இருக்குறது அஞ்சே நாவல்தான்.

அப்போ இத படிக்கலாமா வேணாமா? முடிவு தெரியாம தூக்கம் வராத ஆளுன்னா வேணாம். பயணம் நல்லா இருந்தா போதும், வண்டி ஊர் போய்ச் சேரலன்னாலும் பரவால்லங்கிற ஆளுன்னா தயங்கவே தயங்காதீங்க, முதல் மூணு புக்க மட்டும் படிச்சுட்டு நிறுத்துனா கூட நிறைவா இருக்கும். பாட்ரிக் ராத்ஃபஸோட கிங்கில்லர் வரிசைக்கும் இதே கணக்குதான், மூணு புக்ல சொல்லி முடிக்கிறேன்னு 2007லயும் 2011லயும் ரெண்டு குடுத்தார், மூணாவது இன்னும் வரல. ஆனா அங்க நான் இன்னும் கறாரா சொல்லுவேன், அந்தக் கதையே "மூணு நாள்ல என் கதையச் சொல்றேன்"னு ஒருத்தன் உக்காந்து சொல்றதுதான், மூணாவது நாள் இல்லன்னா அந்த அமைப்பே நொண்டி.

நடுவுல வர்றார் மறுபடி சாண்டர்சன், இந்த தடவ சொந்தக் கதையோட. மிஸ்ட்பார்ன் முதல் வரிசை மூணே புக், 2006, 2007, 2008, வருஷத்துக்கு ஒண்ணுன்னு டான்னு முடிச்சுட்டார். வானத்துலேர்ந்து சாம்பல் கொட்டிட்டே இருக்குற ஒரு ஊரு, ஆயிரம் வருஷமா சாகாம ஆள்ற ஒரு சக்கரவர்த்தி, அவன கவுக்க ஒரு திருட்டு கும்பல் திட்டம் போடுது. முதல் புக் பாதி ஃபேன்டஸி பாதி கொள்ளைக் கதை, அதனாலதான் த்ரில்லர் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு நான் முதல்ல இதத்தான் கைல குடுப்பேன். மந்திரம் எப்டின்னா உலோகத்த முழுங்கி வயித்துக்குள்ள எரிக்கணும், ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு சக்தி, இரும்ப எரிச்சா சுத்தி உள்ள உலோகத்த இழுக்கலாம், எஃக எரிச்சா தள்ளலாம், தகரம்னா கண்ணு காது கூர்மையாகும். தள்ளுறப்ப எதிர்ல உள்ளது உங்கள விட கனமா இருந்தா நீங்கதான் பின்னாடி பறப்பீங்க, ஒரு காச தரைல போட்டு அதத் தள்ளி மேல எழும்பி கூரை கூரையா தாவுவாங்க. பிசிக்ஸ் மாதிரி விதி இருக்குறதால சண்டை வர்றப்ப "இப்ப எப்டி தப்பிப்பா"ன்னு நம்மளே யோசிக்கலாம், திடீர்னு ஒரு மந்திரம் வந்து காப்பாத்தாது.

தொய்வு ரெண்டாவது புக்ல. ஒரு நகர முற்றுகை, உள்ள சட்டசபை மாதிரி ஒண்ணு கூட்டிப் பேசிட்டே இருப்பாங்க, காதல் குழப்பம் வேற. ஒரே புக்தான், பல்ல கடிச்சுட்டுத் தாண்டிடலாம். மூணாவதுல முதல் புக்ல போற போக்குல வந்த வரி எல்லாம் திரும்ப வந்து அர்த்தம் புடிக்கும், அவ்ளோ பொருத்தமா முடிச்சுப் போடுற ஆளு இப்ப வேற யாருமில்ல. குறை நடைதான், சாண்டர்சன் எழுத்துல ஒரு வரிய நிறுத்தி ரசிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது, வேலைய முடிக்கிற வாக்கியங்க. மார்ட்டின படிச்சுட்டு அடுத்த நாளே இத எடுத்தா சப்புன்னு இருக்கும், கொஞ்சம் இடைவெளி விடுங்க. மூணு முடிச்சுட்டு ஆசை விடலன்னா அதே உலகம் முந்நூறு வருஷம் கழிச்சு, துப்பாக்கி ரயில் எல்லாம் வந்த காலத்துல, இன்னொரு நாலு புக் இருக்கு, அதுவும் 2022ல முடிஞ்சுது.

அவரோட ஸ்டார்ம்லைட் வரிசைய ஏன் முதல்ல சொல்லலன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. ஒவ்வொண்ணும் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது, திட்டம் 10, 2010லேர்ந்து 2024 வரைக்கும் 5 வந்துருக்கு, அந்த அஞ்சோட ஒரு பெரிய சுற்று முடியுது, அடுத்த சுற்று தொடங்க பல வருஷம் ஆகும்னு அவரே சொல்லிட்டார். அடிமையா பாலம் தூக்குற ஒரு படைவீரனோட கதை அதுல அபாரம், ஆனா முதல் புக்ல நெலத்தோட பேரு புயலோட பேரு புழு பூச்சியோட பேரு எல்லாம் பழகவே இருநூறு பக்கம் ஆகும். மிஸ்ட்பார்ன் புடிச்சா போங்க, புடிக்கலன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம் வயசு கூடுன வாசகருக்கு, உலகத்தக் காப்பாத்துற பையன்களப் பாத்து அலுத்தவங்களுக்கு, ஜோ ஏபர்கிராம்பியோட ஃபர்ஸ்ட் லா இருக்கு, 2006லேர்ந்து 2008க்குள்ள மூணு புக். போர்க்கைதியா சித்திரவதைப்பட்டு ஒடம்பு நொறுங்கிப் போன ஒருத்தன் இப்ப அரசாங்கத்துக்காக மத்தவங்கள சித்திரவதை பண்ற அதிகாரி, ஒவ்வொரு படி ஏறுறப்பவும் மனசுக்குள்ள படிய திட்டிட்டே ஏறுவான், அந்த ஒருத்தனுக்காகவே படிக்கலாம். முதல் புக்ல கதைன்னு பெருசா ஒண்ணும் நகராது, ஆளுங்கதான் எல்லாம்.

சரி, த்ரில்லர் பக்கம். இங்க கணக்கே வேற, ஃபேன்டஸிய வரிசையாத்தான் படிக்கணும், த்ரில்லர்ல நிறைய சீரிஸ எங்க வேணா தொறக்கலாம். கணேஷ் வசந்த் கதை எத வேணா எடுத்துப் படிச்சோம்ல, ஆனா பொன்னியின் செல்வன மூணாம் பாகத்துல ஆரம்பிச்சா ஒண்ணும் புரியாது, அந்த வித்தியாசம்தான். அதனால த்ரில்லர் சீரிஸ்ல தொய்வு வேற ரூபத்துல வரும், திரும்பத் திரும்ப ஒரே கதையப் படிக்கிற அலுப்பு.

ஜாக் ரீச்சர் இதுக்கு நல்ல உதாரணம். லீ சைல்ட்ங்கிறது புனைபேரு, நிஜப்பேரு ஜிம் கிராண்ட், இங்கிலாந்துல கிரனாடா டிவில வேல பாத்துட்டு இருந்தவர 1995ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, உக்காந்து நாவல் எழுதுனார், 1997ல முதல் புக் வந்துச்சு, அதுலேர்ந்து கிட்டத்தட்ட வருஷா வருஷம் ஒண்ணு, 2025ல 30 ஆயிடுச்சு. வருஷா வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி அடுத்தத எழுத உக்காருவாராம், கதை எங்க போகும்னு திட்டமே கெடையாது. அது படிக்கிறப்ப தெரியும், நல்ல விதத்துலயும் கெட்ட விதத்துலயும். ரீச்சர் ஆறடி அஞ்சங்குலம், முன்னாள் ராணுவ போலீஸ், வீடு கெடையாது, பெட்டி கெடையாது, சட்டைப்பைல மடக்குற டூத்பிரஷ், பஸ்ஸ விட்டு ஏதோ ஒரு சின்ன ஊர்ல எறங்குவான், காபி குடிப்பான், பிரச்சன வந்து நிக்கும். அஞ்சு பேரு சுத்தி நின்னா யார முதல்ல அடிக்கணும் எந்த முழங்கைல அடிக்கணும்னு கணக்குப் போட்டு ஒரு பக்கம், அப்புறம் ரெண்டு வரில அடி முடிஞ்சுடும். பழகுன மெஸ்ஸுல போய் உக்காந்த மாதிரி, என்ன வரும்னு தெரியும், வந்தா சந்தோஷம், தெனம் அங்கேயே சாப்ட்டா நாக்கு செத்துடும். மூணு ரீச்சர் தொடர்ச்சியா படிக்கவே கூடாது. 2020லேர்ந்து தம்பி ஆண்ட்ரூவும் சேந்து எழுதுறார், என் கருத்துல அந்த வறட்டு நக்கல் அதுக்கப்புறம் கொறஞ்சு போச்சு, பழசுலயே பத்து நல்லது இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னா முதல் புக்கான கில்லிங் ஃப்ளோர், இல்லன்னா 2003ல வந்த பெர்ஸ்வேடர், இது ரெண்டும் ரீச்சரே தன் வாயால சொல்ற கதைங்க. டிவில ஆலன் ரிட்சன் நடிச்சதுல முதல் சீசனும் மூணாவது சீசனும் இந்த ரெண்டு புக்தான், அதப் பாத்தவங்க 2005ல வந்த ஒன் ஷாட்ல ஆரம்பிங்க.

ரீச்சரா, இல்ல மைக்கேல் கானலி எழுதுற ஹாரி பாஷ்ங்கிற டிடெக்டிவான்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு பாஷ்தான். மைக்கேல் கானலி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்ல கிரைம் ரிப்போர்ட்டரா இருந்தவர், முதல் நாவல் பிளாக் எக்கோ 1992ல வந்துச்சு, ஊருக்கடில சுரங்கம் தோண்டி பேங்க்ல கொள்ளையடிச்ச நிஜ சம்பவம் ஒண்ணுதான் அதுக்கு விதை. ஹாரி பாஷ் வியட்நாம் போர்ல எதிரியோட சுரங்கத்துக்குள்ள தவழ்ந்து போன சிப்பாய், இப்ப கொலை வழக்கு டிடெக்டிவ். இதுல பெரிய வித்தியாசம் என்னன்னா ரீச்சர் 30 புக்குலயும் அப்டியே இருப்பான், பாஷுக்கு நிஜக் கணக்குல வயசாகும். 1950ல பொறந்த ஆளு, நாப்பது வயசுல முதல் புக், அப்புறம் மூட்டு வலி, ரிட்டயர்மென்ட், மகள் வளந்து பெரியவளாகுறது வரைக்கும் நம்ம கண்ணு முன்னாடி. ஊரும் கூடவே மாறும், 1994ல அங்க வந்த நில நடுக்கத்துல அவன் வீடு ஆட்டம் கண்டு, உள்ள குடியிருக்கக் கூடாதுன்னு அதிகாரிங்க நோட்டீஸ் ஒட்டியும் கேக்காம உள்ளயே ஒளிஞ்சு இருப்பான் நாலாவது புக்ல, 1992 கலவரத்துக்கப்புறம் கறுப்பின மக்களுக்கும் போலீஸுக்கும் இருந்த கொதிப்பு 1999ல வந்த புக்ல முழுசா இருக்கும். முப்பது வருஷ லாஸ் ஏஞ்சலஸ் சரித்திரத்த கொலை வழக்கு வழியா படிக்கிறோம்னே சொல்லலாம்.

தொய்வு எங்க? முதல் புக்கே கொஞ்சம் கனம்தான், போலீஸ் ரேடியோ கோட், ஃபார்ம், யாரு எந்த டிவிஷன்னு சுருக்கெழுத்தா வந்துட்டே இருக்கும். அவசரப்பட்டு மூடிடாதீங்க. அப்புறம் கானலியோட மத்த ஆளுங்க, வக்கீல் மிக்கி ஹாலர், பின்னாடி வந்த ரெனே பாலர்ட், எல்லாரும் ஒரே உலகம்ங்கிறதால குறுக்க நெடுக்க வருவாங்க, எது எந்த சீரிஸ்னு குழப்பம் வரும், அந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து வெளிவந்த வருஷப்படி படிக்கிறது. டிவில பாத்தவங்களும் பயமில்லாம படிக்கலாம், அவங்க ஒரு சீசன்ல ரெண்டு மூணு நாவலக் கலந்து போட்டதால புக்ல வேற மாதிரி இருக்கும்.

ஸ்வீடன் பக்கம் ரெண்டு இருக்கு, ரெண்டையும் ஒண்ணா பேசிடலாம், ஏன்னா ஒண்ணு எல்லாருக்கும் தெரியும் இன்னொண்ணு தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியல. தெரிஞ்சது ஸ்டீக் லார்சனோட மில்லேனியம். மூணு நாவலையும் எழுதிக் குடுத்துட்டு 2004ல மாரடைப்புல 50 வயசுல போயிட்டார், 2005லேர்ந்து வெளிவந்து உலகம் பூரா ஓடுனத அவரு பாக்கவே இல்ல. முப்பது வருஷமா கூட வாழ்ந்த துணைவி இருந்தாங்க, ஆனா கல்யாணம் பதிவு பண்ணல, செல்லுபடியாகுற உயிலும் இல்ல, அதனால ஸ்வீடன் சட்டப்படி சொத்தும் எழுத்து உரிமையும் அப்பாவுக்கும் தம்பிக்கும் போச்சு. அப்புறம் வேற எழுத்தாளர வச்சு 2015லேர்ந்து தொடர்ச்சி எழுத வச்சாங்க, அது இப்ப ரெண்டாவது ஆள் கைக்கும் போயிருக்கு, நான் மூணோட நிறுத்துங்கன்னு சொல்ற கட்சி. இதுல தொய்வு முதல் புக்கோட முதல் நூறு பக்கம், ஒரு தொழிலதிபர் மேல எழுதுன கட்டுரை, அவதூறு வழக்கு, பங்கு, கம்பெனின்னு ஓடும். தாண்டிட்டீங்கன்னா லிஸ்பெத் சலாண்டர் வந்துடுவா, அதுக்கப்புறம் யாரு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டீங்க. ரெண்டாவதுல அவ புது வீட்டுக்கு சாமான் வாங்குறப்ப கடை பில்லையே எழுத்தாளர் காப்பி பண்ண மாதிரி ஒரு பட்டியல் வரும், சிரிச்சுட்டுத் தாண்டுங்க. ஆனா ஒண்ணு, ரெண்டாவது புக் உச்சக்கட்டத்துல அப்டியே அந்தரத்துல நிக்கும், மூணாவது அடுத்த நிமிஷத்துல தொடங்கும், ரெண்டையும் கைல வச்சுட்டுத்தான் உக்காரணும்.

அதிகம் தெரியாதது மார்ட்டின் பெக். மாய் ஷோவால், பெர் வாலூன்னு ஒரு ஜோடி, பசங்க தூங்குனதுக்கப்புறம் ராத்திரி உக்காந்து ஆளுக்கு ஒரு அத்தியாயம்னு மாத்தி மாத்தி எழுதுனாங்க. 10 புக்குன்னு முதல்லயே முடிவு பண்ணாங்க, 1965லேர்ந்து 1975க்குள்ள 10 எழுதுனாங்க, கடைசி புக் வந்த அந்த வருஷமே வாலூ இறந்துட்டார். இன்னிக்கு ஸ்காண்டிநேவிய கிரைம்னு நம்ம படிக்கிற சோகமான போலீஸ்காரங்க எல்லாருக்கும் மூதாதை இவங்கதான். முதல் புக்ல ஒரு கால்வாய தூர்வாருறப்ப ஒரு பொண்ணோட பொணம் வருது, அது யாருன்னு கண்டுபுடிக்கவே மாசக்கணக்காகும், அமெரிக்காவுக்கு தகவல் அனுப்பி பதில் வர்ற வரைக்கும் போலீஸ்காரங்க காத்துட்டே இருப்பாங்க, பெக்குக்கு சளி புடிச்சிருக்கும், வீட்ல பொண்டாட்டி கூட பேச்சு இல்ல. இந்தக் காத்திருப்பே தொய்வா தெரியும் சிலருக்கு, எனக்கு அதான் ருசி, ஏன்னா நிஜத்துல துப்பறியறதுன்னா அப்டித்தான் இருக்கும்னு நம்புற மாதிரி இருக்கும். பொறுமை கம்மின்னா நாலாவது புக்கான லாஃபிங் போலீஸ்மேன்ல ஆரம்பிங்க, ஸ்டாக்ஹோம்ல ஒரு மழை ராத்திரில டபுள் டெக்கர் பஸ்ல இருந்தவங்கள மொத்தமா சுட்டுப் போட்ருப்பாங்க, அதுல ஒருத்தன் போலீஸ், அவன் அந்த பஸ்ல ஏன் இருந்தான்ங்கிறதுதான் கேள்வி. ஒவ்வொண்ணும் மெல்லிசு, பத்தும் சேந்தாலே ரெண்டு ஸ்டார்ம்லைட் அளவுக்கு மேல பெருசா போகாது.

உளவு வேணும்னா மிக் ஹெரனோட ஸ்லாவ் ஹவுஸ், வேலைல சொதப்புன உளவாளிங்கள தூக்கிப் போட்டு வச்சிருக்குற ஒரு அழுக்கு ஆபீஸ். முதல் புக் 2010ல வந்தப்ப கண்டுக்க ஆளில்ல, இப்ப டிவில வந்ததும் எல்லாருக்கும் தெரியுது. சீரிஸ் பாத்திருந்தாலும் படிங்க, எழுத்துல இருக்குற நக்கல் திரைல பாதிதான் வந்திருக்கு.

இப்ப முடிவுக்கு வருவோம். வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி அரை மணி நேரம்தான் கெடைக்கும்னா பெரிய ஃபேன்டஸிய தொடாதீங்க, பேரு மறந்துடும், வாரம் ஒரு தடவ எடுத்தா "இவ யாரு"ன்னு முன்னாடி பொரட்டிட்டே இருப்பீங்க. அவங்களுக்கு பெக், இல்லன்னா ரீச்சர். ரயில்லயோ பஸ்லயோ தெனம் ஒரு மணி நேரம் போறவங்களுக்கு வீல் ஆஃப் டைம் ஆடியோபுக் இருக்கு, மைக்கேல் கிராமர், கேட் ரீடிங்னு நிஜ வாழ்க்கைலயும் கணவன் மனைவியான ரெண்டு பேரு ஆண் பார்வை பெண் பார்வைன்னு பிரிச்சு படிச்சிருப்பாங்க, அந்த 8, 9, 10 தொய்வு காதுல கேக்குறப்ப பாதியா கொறஞ்சுடும். ஃபேன்டஸியே படிச்சதில்ல, டிராகன்னாலே சிரிப்பு வருதுங்கிறவங்களுக்கு மிஸ்ட்பார்ன், அதுல டிராகனே கெடையாது. த்ரில்லர் எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு அலுத்தவங்களுக்கு பாஷ். ஏற்கனவே ரெண்டு பக்கமும் நிறைய படிச்சவங்க, இனிமே ஒரே ஒரு பெரிய சீரிஸுக்குத்தான் நேரம் இருக்குன்னு நெனைக்கிறவங்களுக்கு, மார்ட்டினா ஜோர்டனான்னு வந்தா... எழுத்துக்கு மார்ட்டின்னு மேல நானே சொன்னேன், இருந்தாலும் நான் ஜோர்டனத்தான் கைகாட்டுவேன், 14வது புக்கோட கடைசி பக்கத்தப் படிச்சு மூடுற சுகம் மார்ட்டின் வாசகருக்கு இன்னிக்குத் தேதில கெடைக்காது. நடுவுல மூச்சு முட்டுனா ரெண்டு வீல் ஆஃப் டைமுக்கு நடுவுல ஒரு ரீச்சரச் சொருகுங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது.

வாங்குறப்ப மட்டும் கொஞ்சம் நிதானம், ஆஃபர் போட்ருக்கான்னு 14ஐயும் ஒரே அடியா வாங்காதீங்க, முதல் ரெண்டு போதும், புடிச்சா மிச்சம் எங்கயும் ஓடிப் போகாது. ரீச்சரும் கானலியும் பழைய புக் கடைல நெறைய கெடைக்கும், பெக் அப்டி கெடைக்கிறது கஷ்டம், கிண்டில்ல பாத்துக்கலாம். பாஷ் ஆரம்பிக்கிறவங்க மட்டும் முதல் நாலையும் சேத்தே எடுத்துடுங்க, பிளாக் எக்கோ, பிளாக் ஐஸ், காங்க்ரீட் பிளாண்ட், லாஸ்ட் கயோட்டி, பாஷோட அம்மாவ யாரு கொன்னாங்கங்கிற பழைய வழக்க அவன் தூசி தட்டி எடுக்குறது நாலாவதுலதான், மூணாவதோட நிறுத்துனீங்கன்னா அந்த ஆள பாதிதான் தெரிஞ்சுட்டிருப்பீங்க.